ஈரத் தலைக்கு ஹெல்மெற் இல்லை

பிள்ளைகளே, நேற்றுப் பின்னேரம் அக்கா சைக்கிள் ஓட்டப் பயிற்சியால் வந்து ஹெல்மெற்றைக் கதிரையில் எறிந்ததை மறந்திருக்கமாட்டீர்கள். தம்பி அதைத் தூக்கி மணந்து பார்த்துவிட்டு, "கருவாட்டுப் பானை" என்றான். அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. "ஒண்டில் நான் தலைமயிரை வெட்டப்போறன், இல்லாட்டி ஓட்டத்தை விடப்போறன்" என்று சொல்லிவிட்டு அறைக்குள் போனவள் சாப்பாட்டுக்கும் பிந்தித்தான் வந்தாள்.

எனக்கு அந்த நேரம் ஒரு ஆளின் ஞாபகம் வந்தது. உங்கள் அம்மாவைப் பார்த்தேன். அவவுக்கும் அதே ஞாபகம்தான் என்று அவவின் முகத்தில் தெரிந்தது. "எழுதிக் குடுங்கோவன், வாயாலை சொன்னா இதுகள் பாதியிலை எழும்பிப் போயிடுங்கள்" என்றா. அதனால் எழுதுகிறேன்.

அந்த ஆளை ஊரில் எல்லோரும் மிஸியக்கா என்றுதான் கூப்பிட்டோம். முரசுமோட்டையில் எங்கள் பக்கத்துக்கு அவர்தான் மிட்வைஃப். நாற்பது வயதைத் தொட்டிருப்பார். கலியாணம் செய்யவில்லை. மெலிந்த உடம்பு, பெரிய குரல். அவரைப் பற்றி ஊரில் இரண்டு விஷயம் எல்லோருக்கும் தெரியும். ஒன்று, இடுப்புக்குக் கீழே இறங்கும் தலைமயிர். மற்றது, அந்த நீல ஹெல்மெற்.

சண்டை நின்று பாதை திறந்திருந்த காலத்தில் அவரிடம் ஒரு சின்ன மோட்டார் சைக்கிள் இருந்தது. ஹெல்மெற் அதோடு வந்ததுதான். பிறகு திரும்பச் சண்டை தொடங்கிப் பாதை பூட்டுப்பட்டது. பெற்றோலைப் போத்தலில் வைத்து மருந்து மாதிரி விற்றார்கள். மோட்டார் சைக்கிளைச் சாக்கால் மூடிக் கொட்டிலுக்குள் விட்டுவிட்டு அவர் பழைய லேடீஸ் சைக்கிளுக்குத் திரும்பினார். ஊரில் எல்லோரும் அப்படித்தான் திரும்பினோம். அவர் மட்டும் ஹெல்மெற்றை விடவில்லை. வயல் றோட்டில், மிதிக்கிற சைக்கிளில், மோட்டார் சைக்கிள் ஹெல்மெற்றோடு ஒரு பொம்பிளை போவதை நீங்கள் நினைத்துப் பாருங்கள். தூரத்தில் வரும்போது பெரிய நீலக் குடம் ஒன்று தானாக உருண்டு வருவது போலிருக்கும்.

சங்கக்கடை வாசலில் எப்போதும் நாலைந்து பேர் நிற்போம். அதில் ஒருவர் கேட்பார்:

"என்ன மிஸியக்கா, மோட்டரை மறந்துபோட்டு வந்திட்டியள் போல?"

"மோட்டர் வீட்டிலை நிக்குது தம்பி. தலை என்னோடைதான் வந்தது."

"சைக்கிளுக்கு ஆரும் ஹெல்மெற் போடுவினமோ?"

"றோட்டு மாறேல்லையே."

அவ்வளவுதான். நிறுத்தி விளக்கம் சொல்லமாட்டார். மிதித்துக்கொண்டு போய்விடுவார்.

எங்கள் வெயில் உங்களுக்குத் தெரியும். அந்த வெயிலில், அந்த மயிரை அந்த ஹெல்மெற்றுக்குள் வைத்துக்கொண்டு, ஒரு நாளைக்கு எத்தனை வீடு ஏறி இறங்கினார். ஆனால் அவரின் தலை ஒருநாளும் நாறினதில்லை. அம்மா இதைச் சத்தியம் பண்ணிச் சொல்லுவா. பிள்ளைத்தாச்சியாக இருந்தபோது எந்த மணத்துக்கும் ஓங்காளித்த மனிசி அவ.

மிஸியக்கா எண்ணெய் வைத்த தலையில் ஹெல்மெற் போடமாட்டார். வேர்வையோடு எண்ணெய் கண்ணுக்குள் இறங்கும் என்பார். கொண்டை போடமாட்டார், கொண்டை ஹெல்மெற்றைத் தூக்கி முன்னுக்குத் தள்ளும். நடு உச்சி பிரித்து, பிடரிக்குக் கீழே இருந்து தொடங்குகிற மாதிரி இரண்டு பின்னல். பின்னலின் நுனிகளை இடுப்பில் செருகிவிடுவார், சில்லுக்குள் போகாமல். அதற்கு மேலே அவரின் தகப்பனின் பழைய சாரத்தில் கிழித்த ஒரு துண்டு, நெற்றியை மூடிப் பின்னால் முடிச்சு. அதற்கு மேலேதான் ஹெல்மெற். சாரத் துண்டுகள் ஒரு பையில் நிறைய வைத்திருப்பார். ஒரு வீட்டிலிருந்து வெளிக்கிடும்போது நனைந்ததைப் பிழிந்து கரியரில் கட்டுவார், காய்ந்ததை எடுத்துத் தலையில் கட்டுவார். பச்சைக் கட்டம், நீலக் கட்டம், மண்ணிறக் கோடு என்று பின்னால் பறந்துகொண்டு போகும். தகப்பன் உயிரோடு இருந்த காலத்தில் ஊர் சுற்றாத மனிசன். செத்த பிறகு நாள்தோறும் சுற்றுகிறார் என்று மிஸியக்காவே சொல்லிச் சிரிப்பார்.

வீட்டுக்கு வந்ததும் ஹெல்மெற்றின் உள்பக்கத்தைத் தேசிக்காய் பிழிந்த தண்ணீரில் துடைத்து, வேலிக்கு நட்ட பச்சைக் கதியால் தடி ஒன்றில் வாரால் கொழுவிவிடுவார், உள்பக்கம் வெயிலைப் பார்க்கும்படி. ஊருக்கு அது ஒரு அடையாளம். கதியாலில் ஹெல்மெற் தொங்கினால் மிஸியக்கா வீட்டில் நிற்கிறார். தொங்காவிட்டால் எங்கேயோ ஒரு பிள்ளை பிறக்கப்போகிறது.

ஒருமுறை மழைத் தூறல் என்று அதைக் கொட்டிலுக்குள் மல்லாத்தி வைத்திருக்கிறார். நான் அம்மாவின் கிளினிக் நாளைக் கேட்கப் போயிருந்தேன். மிஸியக்கா தலை பின்னி, துண்டு கட்டி, பையும் தூக்கிக்கொண்டு கொட்டில் வாசலில் சும்மா நிற்கிறார்.

"வெளிக்கிடேல்லையோ அக்கா?"

விரலை வாயில் வைத்தார். எட்டிப் பார்த்தேன். ஹெல்மெற்றுக்குள் ஒரு சிவத்தப் பேடு குந்திக்கொண்டு எங்களை முறைத்தது.

"கலைச்சுவிடவோ?"

"சும்மா இருங்கோ. அதுவும் பிள்ளைப்பேறுதானே."

முட்டை விழுமட்டும் நின்றார். கோழி கொக்கரித்துக்கொண்டு இறங்கிப் போன பிறகு முட்டையை எடுத்து என் கையில் தந்து, "மனிசிக்கு அவிச்சுக் குடுங்கோ" என்றார். ஹெல்மெற்றைத் திரும்பத் துடைத்து, உலர்ந்துவிட்டதா என்று உள்ளங்கையால் தடவிப் பார்த்து, பிறகுதான் போட்டார். மற்ற ஆட்கள் என்றால் கோழியையும் கலைத்து நாலு சொல்லும் சொல்லியிருப்பார்கள். அவருக்கு அவசரம் என்ற ஒன்று உடம்பில் கிடையாது.

அதுதான் ஊரில் பலருக்கு அவரில் கோபம். யோசித்துப் பாருங்கள். மனிசிக்கு நோ தொடங்கிவிட்டது என்று ஒருவன் மூச்சு வாங்க ஓடிவந்து அவரின் படலையில் நிற்பான். இவர் உச்சி பிரிப்பார். பின்னுவார். அவிழ்த்துத் திரும்பவும் பின்னுவார். துண்டு கட்டுவார். வாரை மாட்டி, நாடிக்குக் கீழே ஒரு விரல் விட்டுப் பார்ப்பார். நிற்கிறவனுக்குப் பைத்தியம் பிடிக்கும். எங்களூர்க் கிழவர் ஒருவர் சொல்லுவார், "இவா சீவி முடிக்கிறதுக்குள்ளை பிள்ளை பிறந்து, நடந்து, பள்ளிக்கூடமும் போயிடும்."

போய்ச் சேர்ந்த பிறகும் விடமாட்டார். படலையில் சைக்கிளை நிறுத்தி, ஹெல்மெற்றைக் கழற்றி, முகம் கழுத்தெல்லாம் துடைத்து, ஹான்டிலில் ஒட்டி வைத்திருந்த பொட்டை எடுத்து நெற்றியில் வைத்து, புதுத் துண்டால் தலையைக் கட்டி, இரண்டு மூச்சு எடுத்துவிட்டுத்தான் உள்ளே போவார்.

"அப்பிடியே போனால் என்ன, அழகிப் போட்டியோ?" என்று ஒரு மாமியார் கேட்டதற்கு அவர் சொன்ன மறுமொழி ஊரில் நெடுநாள் அடிபட்டது.

"வேர்த்து விறுவிறுத்து நான் போய் முன்னாலை நிண்டால், உங்கடை மருமகள் தனக்கு என்னவோ நடக்கப்போகுது எண்டு நினைப்பாள். றோட்டிலை இருக்கிற அந்தரத்தை ஏன் உள்ளுக்குக் கொண்டுபோவான்?"

இவ்வளவு பாடு படுகிறதுக்குத் தலைமயிரை வெட்டிவிடலாமே என்று அக்கா கேட்பாள். அம்மாவும் கேட்டவதான். சனசமூக நிலையத்தில் கிளினிக் நடந்த ஒரு நாள், அவர் கை கழுவிக்கொண்டு நிற்கும்போது கேட்டாவாம். மிஸியக்கா கையைத் துடைத்துவிட்டு, "விடிஞ்சால் பொழுதுபட்டால் மற்றவையின்ரை உடம்பைத்தான் பாக்கிறன். இது ஒண்டுதான் என்ரை" என்றாராம்.

இனி எங்கள் வீட்டு விஷயத்துக்கு வருகிறேன்.

உங்களுக்கு முதல் அம்மாவின் வயிற்றில் ஒன்று தங்கிக் குறைமாதத்தில் போய்விட்டது என்று உங்களுக்குத் தெரியும். அதன் பிறகு அக்கா வயிற்றில் வந்தபோது நான் நித்திரையிலும் பயந்துகொண்டிருந்தேன். இதுவும் போனால் அம்மா எழும்பமாட்டா என்று எனக்குத் தெரியும். கிளிநொச்சி ஆஸ்பத்திரியில் நேரத்தோடு கொண்டுபோய் விடுவதாகத்தான் திட்டம். சொன்ன நாளுக்கு இன்னும் நாள் இருந்தது. ஆனால் ஒரு வெள்ளிக்கிழமை விடிய நோ தொடங்கிவிட்டது. பெரியப்பா டீசல் உள்ள ரக்ரர் தேடிப் போனார். பக்கத்து வீட்டு மாமி அம்மாவோடு இருந்தா. நான் மிஸியக்காவைக் கூட்டி வரச் சைக்கிளில் பறந்தேன்.

தூரத்திலேயே கண்டேன், கதியாலில் ஹெல்மெற் தொங்குகிறது. வீட்டில் நிற்கிறார்! எனக்கு உயிர் வந்தது. படலையைத் தள்ளிக்கொண்டு உள்ளே போகிறேன், கிணற்றடியிலிருந்து அவர் வருகிறார். வெள்ளிக்கிழமை அல்லவா, தலை முழுகியிருக்கிறார். அவ்வளவு மயிரிலிருந்தும் தண்ணீர் ஒழுகுகிறது. வந்த உயிர் திரும்பப் போய்விட்டது.

"அக்கா, கெதியா வாங்கோ! அவவுக்கு நோ தொடங்கீட்டுது!"

"எப்ப தொடங்கினது?"

"விடியப்புறம்."

"கதைக்கிறாவோ?"

"என்னைத் திட்டிப் பேசுறா."

"பேசுறா எண்டால் பயமில்லை" என்றுவிட்டுத் துவாயால் தலையைத் துவட்டத் தொடங்கினார். துவட்டித் துவட்டி எப்போது முடிய?

"அக்கா, சும்மா சுத்திக் கட்டிப்போட்டு வாங்கோ!"

"ஈரத் தலைக்கு ஹெல்மெற் போடமாட்டன்."

"அப்ப போடாமல் வாங்கோ!"

"ஹெல்மெற் இல்லாமல் சைக்கிள் ஓடமாட்டன்."

நான் கத்திவிட்டேன். "அப்ப என்ரை மனிசியும் பிள்ளையும் சாகட்டோ?"

அவர் துவட்டுவதை நிறுத்தினார். என்னைப் பார்த்தார். என் சைக்கிளைப் பார்த்தார். அதன் கரியரைப் பார்த்தார். பிறகு உள்ளே போய்ச் சேலை மாற்றிப் பையோடு வந்தவர், வேலிக்குப் போய் ஹெல்மெற்றைக் கழற்றினார். ஒரு சாரத் துண்டை என் தலையில் இறுக்கிக் கட்டினார். என்ன நடக்கிறது என்று எனக்கு விளங்குமுன் ஹெல்மெற்றை என் தலையில் இறக்கி, வாரை மாட்டி, என் நாடிக்குக் கீழே விரல் விட்டுப் பார்த்தார்.

"எனக்கேன் அக்கா இது?"

"ஓடுற ஆளின்ரை தலைதான் முக்கியம். நீங்கள் விழுந்தால் நான் பின்னாலை ஏறி என்ன பிரயோசனம்? எடுங்கோ சைக்கிளை."

கரியரில் ஒருபக்கமாக ஏறி இருந்துகொண்டார். பை என் ஹான்டிலில். நான் மிதித்தேன். அவர் பின்னால் இருந்து இரண்டு கையாலும் மயிரைக் கோதிக் காற்றில் விரித்துவிட்டார்.

வாய்க்கால் கட்டு றோட்டு முழுக்கப் பள்ளம். மழை விட்டு வெயில் எறிக்கத் தொடங்கிய நாள்கள், இரண்டு பக்கமும் வயல் மஞ்சள் பிடித்துக் கிடந்தது. நான் எதையும் பார்க்கவில்லை. என் காதுக்குள் என் மூச்சுத்தான் கேட்டது. ஆனால் ஒன்று சொல்லவேண்டும். அந்த ஹெல்மெற்றுக்குள் தேசிக்காயும் வெயிலும் கலந்த ஒரு மணம் இருந்தது. வேர்வை குடம் குடமாக ஊற்றியும் ஒரு துளி கண்ணுக்கு வரவில்லை. எல்லாவற்றையும் அவரின் தகப்பனின் சாரம் குடித்துக்கொண்டிருந்தது.

சங்கக்கடை வந்தது. வெள்ளிக்கிழமை காலமை, வழக்கமான ஆட்கள் எல்லோரும் நிற்கிறார்கள். ஊர் ஆம்பிளை ஒருவன் நீல ஹெல்மெற் போட்டு மிதிக்கிறான். பின்னால் மிஸியக்கா தலைவிரி கோலமாக இருக்கிறார். எல்லோரும் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள். பிறகு ஒரு குரல் வந்தது:

"மிஸியக்காவுக்கு மோட்டர் கிடைச்சிட்டுது போல!"

"ஓம் ஓம். பெற்றோல் கேக்காத மோட்டர்!" என்றார் அவர்.

சிரிப்புச் சத்தம் பின்னால் கேட்டது. எனக்கு அழுகை வந்தது. இன்னும் வேகமாக மிதித்தேன். சைக்கிள் ஒரு பள்ளத்தில் விழுந்து எழும்பியது.

"அந்தரப்படாதேங்கோ. அடுத்த பள்ளத்தைச் சுத்திப் போங்கோ. நீங்கள் என்னிலை கோபம் எண்டு எனக்குத் தெரியும். மிதிச்சுக்கொண்டு கேளுங்கோ."

அப்போதுதான் அதைச் சொன்னார். ஊரில் ஒருவருக்கும் அதுவரை சொல்லவில்லை என்று நினைக்கிறேன்.

"நான் முதலிலை ஸ்கந்தபுரத்திலை வேலை. அதுவும் ஒரு வெள்ளிக்கிழமைதான். முழுகிப்போட்டு நிக்கிறன், புருசன்காரன் வந்து உங்களை மாதிரித்தான் கத்தினான். நானும் பதறிப்போய் ஈரத் தலையை உச்சியிலை சுத்திக் கொண்டை போட்டு, அதுக்கு மேலை ஹெல்மெற்றைக் கவிட்டுக்கொண்டு மோட்டரை எடுத்தனான். அது தலையிலை இறங்கவே இல்லை, கொண்டையிலை ஏறிக் குந்திக்கொண்டு நிண்டது. பாதி வழியிலை சீயாக்காய்த் தண்ணியும் வேர்வையுமா ஊத்திக் கண்ணுக்குள்ளை போட்டுது. கண் எரிஞ்சு மூடினனான். அவ்வளவுதான். மோட்டர் வாய்க்காலுக்குள்ளை. ஹெல்மெற் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம்."

நான் மிதிப்பதை நிறுத்திவிட்டேன். சைக்கிள் தானாக ஓடிக்கொண்டிருந்தது.

"மிதியுங்கோ" என்றார். மிதித்தேன்.

"கல்லிலை மண்டை அடிபட்டு நான் அங்கை கிடக்கிறன். அந்தப் பிள்ளைத்தாச்சி அங்கை என்னைப் பாத்துக்கொண்டு கிடக்கிறாள். கடைசியிலை அயல் பொம்பிளையள்தான் பிள்ளையை எடுத்தவை. ரத்தம் நிக்கேல்லை எண்டு ரக்ரரிலை போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினவை. தாயும் தப்பி, பிள்ளையும் தப்பீட்டுது." மயிரை ஒருமுறை உதறிவிட்டார். "ஆனால் என்னாலை இல்லை."

எங்கள் ஒழுங்கை திரும்பியது. அம்மாவின் குரல் படலை வரைக்கும் கேட்டது. நான் சைக்கிளை வேலியில் போட்டுவிட்டு, "வாங்கோ அக்கா, வாங்கோ" என்று உள்ளே ஓடினேன். திரும்பிப் பார்க்கிறேன், அவர் வரவில்லை. படலையில் நின்றுகொண்டு மயிரைக் கையால் அளைந்து பார்க்கிறார். காய்ந்துவிட்டது. உச்சி பிரிக்கிறார்!

நான் படலைக்குத் திரும்பி ஓடினேன். ஆனால் அவர் அங்கே நின்றபடி அந்தப் பெரிய குரலில் உள்ளே கூப்பிட்டுச் சொன்னார்:

"பிள்ளை, நான் வந்திட்டன்! தலை பின்னுறன். அதுக்கிடையிலை முக்கிப்போடாதை!"

உள்ளே குரல் நின்றது.  பிறகு அம்மாவின் சத்தம், அழுகையும் இல்லை சிரிப்பும் இல்லை:

"கெதியாப் பின்னுங்கோ அக்கா!"

பிறகொரு நாள் அம்மா எனக்குச் சொன்னா, "அவா நிண்டு தலை பின்னுற அளவுக்கு நேரம் இருக்கெண்டால், எனக்கு ஒண்டும் நடக்காது எண்டு நினைச்சனான்." அந்த நேரம் எனக்கு அது விளங்கவில்லை. குரல் மாறியது மட்டும் விளங்கியது.

அவர் துண்டு கட்டி, கை கழுவி, ஊருக்குப் போகிற ஆள் மாதிரி நடந்து உள்ளே போனார். நான் முற்றத்தில் நின்றேன். வெயில் உச்சிக்கு ஏறியது. ரக்ரரையும் காணவில்லை, பெரியப்பாவையும் காணவில்லை. ஒரு நேரம் உள்ளே எல்லாச் சத்தமும் நின்றது. பிள்ளை அழவில்லை. மாமி "ஐயோ" என்று தொடங்கினா. அதற்கு மேலே மிஸியக்காவின் குரல், படலையில் பொட்டு வைக்கும்போது கதைக்கிற அதே குரல், "அந்தரப்படாதேங்கோ. கொடி சுத்திக் கிடக்கு. எடுக்கிறன்" என்றது.

நான் அந்த வெயிலில் எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. பிறகு அக்கா அழுதாள்.

ஓடிப்போய் வாசலில் எட்டிப் பார்த்தேன். மிஸியக்கா ஒரு கட்டம் போட்ட சாரத் துண்டில் அவளைச் சுற்றி வைத்துக்கொண்டு திரும்பினார். என்னைக் கண்டதும் அவருக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை.

"முதலிலை அதைக் கழட்டுங்கோ. தேப்பன் எண்டால் இப்பிடித்தான் இருப்பினம் எண்டு பிள்ளை நினைக்கப்போகுது."

ஹெல்மெற் அதுவரைக்கும் என் தலையில் இருந்தது. ஆகவே மகளே, நீ இந்த உலகத்தில் கண்ட முதல் தகப்பன் ஹெல்மெற் போட்ட தகப்பன். இனித் தம்பி கருவாட்டுப் பானை என்று சிரித்தால் அதையும் அவனுக்குச் சொல்லு.

அதன் பிறகு மிஸியக்கா எங்கள் படலையைத் தாண்டும்போதெல்லாம் மணி அடிப்பார். சங்கக்கடையில் என்னை நெடுநாள் "மோட்டர்" என்று கூப்பிட்டார்கள். நான் கோபிக்கவில்லை.

பிறகு நாங்கள் எல்லோரும் ஊரை விட்டு வெளிக்கிட்ட காலம் வந்தது. அதைப் பற்றி உங்களுக்கு வேறொரு நேரம் அம்மா சொல்லுவா. எனக்கு எழுத வராது. ஒன்றை மட்டும் எழுதுகிறேன். தருமபுரம் தாண்டிப் போகிற றோட்டு. சைக்கிள், ரக்ரர், மாடு, சனம், எல்லாம் ஒரே பக்கமாக ஊர்ந்துகொண்டிருந்தன. நான் மூட்டைகளைக் கட்டிய சைக்கிளை உருட்டினேன். அம்மாவின் இடுப்பில் அக்கா. முன்னால் சனத்துக்கு மேலே ஒரு நீலம் தெரிந்தது.

"அங்கை பாருங்கோ" என்றா அம்மா.

அவரும் சைக்கிளை உருட்டிக்கொண்டுதான் போனார். பக்கத்தில் வந்த ஒரு பெடியன், "அம்மா, உது செல் விழுந்தால் தாங்குமோ?" என்று கேட்டான். பகிடியாகக் கேட்டானா, பயத்தில் கேட்டானா என்று தெரியவில்லை.

"செல்லுக்கில்லைத் தம்பி. றோட்டுக்கு."

நாங்கள் கிட்டப் போனதும் எங்களைக் கண்டு நின்று, முகம் துடைக்க ஹெல்மெற்றைக் கழற்றினார். பின்னல் இல்லை. மயிர் பிடரியோடு கத்தரித்திருந்தது, தானே வெட்டியது போல, ஒரு பக்கம் ஏறி ஒரு பக்கம் இறங்கி.

"ஐயோ அக்கா, தலை!" என்றா அம்மா.

"கிணறு இல்லாத இடத்திலை அதை வைச்சு என்ன செய்யிறது? பேனும் பிடிச்சிட்டுது." பிடரியை ஒருமுறை தடவிக்கொண்டார். பிறகு எங்களைப் பார்த்துச் சிரித்தார். "இப்ப கெதியாக் காயுது."

அம்மா முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டா.

மிஸியக்கா அக்காவின் தலையைத் தொட்டுப் பார்த்தார். "வேர்க்குரு போட்டிருக்கு" என்று சொல்லி, பையிலிருந்து ஒரு சாரத் துண்டை எடுத்துப் போத்தல் தண்ணீரில் நனைத்துக் கட்டிவிட்டார். பைக்குள் இன்னும் ஒன்றோ இரண்டோதான் கிடந்தன. மற்றதெல்லாம் பிள்ளைகளைச் சுற்றப் போய்விட்டன என்றார். அப்போது முன்பக்கத்திலிருந்து ஒருவன் சனத்தைத் தள்ளிக்கொண்டு ஓடி வந்தான். யாரோ மிட்வைஃப் இருக்கிறா என்று சொன்னார்களாம். மரத்துக்குக் கீழே மனிசி கிடக்கிறாள், கெதியா வாங்கோ, கெதியா வாங்கோ என்று அழுதான்.

"வாறன் தம்பி. அந்தரப்படாதை."

சைக்கிளை என்னிடம் பிடிக்கத் தந்தார். காய்ந்த துண்டொன்றை எடுத்து நெற்றியை மூடிக் கட்டினார். ஹெல்மெற்றைப் போட்டார். வாரை மாட்டி, நாடிக்குக் கீழே விரலை விட்டுப் பார்த்தார். அவ்வளவு சனமும் அவரைச் சுற்றி இரண்டாகப் பிரிந்து போய், அந்தப் பக்கம் திரும்பச் சேர்ந்தது. பிறகு சைக்கிளை வாங்கிக்கொண்டு அந்த மனிசனோடு போனார். நீலம் கனதூரம் வரைக்கும் தெரிந்தது.

அதற்குப் பிறகு நாங்கள் அவரைக் காணவில்லை. முகாமில் விசாரித்தேன். ஒருவர் கண்டதாகச் சொன்னார். இன்னொருவர் அது வேறு ஆள் என்றார். ஊருக்குத் திரும்பிய பிறகு அவரின் வீட்டு வளவுக்குப் போனேன். வேலி இல்லை. அந்த ஒரு கதியால் மட்டும் தழைத்து மரமாகி நின்றது. இப்போது அதில் எதையும் கொழுவ எனக்குக் கை எட்டாது.

மகளே, தலைமயிரை வெட்டுவதும் வளர்ப்பதும் உன் விருப்பம். அது உன்னுடையது. வேர்வைக்குப் பயந்து ஓட்டத்தை மட்டும் விடாதே. உன் ஹெல்மெற்றை நான் தேசிக்காய்த் தண்ணீரில் துடைத்து வெளியே வெயிலில் கொழுவியிருக்கிறேன். என் பழைய சாரம் ஒன்றை அம்மா கிழித்துத் தைத்து வைத்திருக்கிறா.

நாளைக்கு வெள்ளிக்கிழமை. நீ முழுகுவாய், பயிற்சிக்கு முதல் தலை காயாது. அந்தரப்படாதே. உன் சைக்கிளைத் தம்பி மைதானத்துக்கு ஓடிக்கொண்டு வரட்டும். நீ என் சைக்கிளில் பின்னால் இருந்து தலையை விரித்துவிடு. நான் மிதிக்கிறேன். ஹெல்மெற் அதுவரைக்கும் என் தலையில் இருக்கட்டும். எனக்கு அது பழக்கம்தான்.